புதுக் கார்ட் போட்டும் கேம் இழுக்கிறதா? கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக முதல் பார்க்க வேண்டியவை

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கிராபிக்ஸ் கார்டை வாங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையில் வந்து இறங்கும்வரை எல்லாம் சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்து கேசிங்கைத் திறந்து, கார்டைச் செருகி, ஆசையோடு கேமைப் போட்டால் படம் விட்டு விட்டு நகர்கிறது. இரவு பதினொரு மணிக்கு எனக்கு அழைப்பு வரும்: "அண்ணா, பழைய கார்டே பரவாயில்லை போல கிடக்கு. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்."

ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் எனக்கு வந்த இப்படியான அழைப்புகளில் பெரும்பாலானவற்றில் கார்டில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பக்கத்தில் உள்ள ஏதோ ஒன்று அதை ஓட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கட்டுரை. காசு செலவில்லாத, ஸ்குரூ டிரைவர் தேவைப்படாத வேலைகளை முதலில் வைத்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றிவிட்டு கேம் நன்றாக ஓடினால் எது சரிசெய்தது என்று தெரியாது. மோசமானால் எது கெடுத்தது என்றும் தெரியாது.

முதலில் இலக்கம்

"இழுக்கிறது" என்று மட்டும் சொல்வது, டொக்டரிடம் போய் "ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்வது போலத்தான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். பெயர் ஒரு நிறுவனத்தினுடையது என்றாலும் யாருடைய கார்டுக்கும் அது வேலை செய்யும். கூடவே வரும் ரிவாட்யூனர், கேம் ஓடும்போதே திரையின் மூலையில் இலக்கங்களைக் காட்டும். செட்டிங்ஸில் மொனிட்டரிங் பகுதிக்குப் போய் நான்கை மட்டும் தெரிவு செய்யுங்கள்: செக்கனுக்கு எத்தனை பிரேம் (கார்ட் வரையும் தனிப்படம்), ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு எத்தனை வீதம், ஜிபியு வெப்பநிலை, சிபியு (கொம்பியூட்டரின் பிரதான சிப்) பயன்பாடு. கடைசியானதை ஒவ்வொரு கோருக்கும் (சிபியுவுக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி) தனித்தனியாகப் போட்டால் நல்லது. ஏன் என்று பிறகு தெரியும். வேறொன்றும் இறக்க விருப்பமில்லாவிட்டால், விண்டோஸ் பட்டனோடு ஜி பட்டனை அழுத்தினால் வரும் கேம் பாரிலும் ஓரளவு பார்க்கலாம்.

ஒரே கேமில், ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நடமாடிவிட்டு இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு இப்படி வாசியுங்கள். ஜிபியு பயன்பாடு 95 வீதத்துக்கு மேல் நிற்கிறதா? கார்ட் தன்னால் முடிந்ததைச் செய்கிறது. கேமின் செட்டிங் அதன் சக்திக்கு மிஞ்சியது, அல்லது சூடோ மின்சாரமோ அதன் வேகத்தைக் குறைக்கிறது. 40, 50 வீதத்தில் நின்றபடி பிரேமும் குறைவா? கார்ட் வேலைக்காகக் காத்திருக்கிறது, சிக்கல் வேறிடத்தில். பூச்சியத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறதா? கேம் அந்தக் கார்டில் ஓடவேயில்லை.

இதற்குள் ஒரு எச்சரிக்கை. கார்டோ டிரைவரோ (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) மாறினால் பல புதிய கேம்கள் ஷேடர் எனப்படும் சிறு நிரல்களைப் புதிதாகத் தொகுக்கும். அந்த முதல் அரை மணி நேரம் படம் அங்கங்கே தடக்கித் தடக்கி வரும். அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இரண்டாம் தரம் அதே இடத்துக்குப் போகும்போது எப்படி என்று பாருங்கள்.

வயர் எங்கே செருகியிருக்கிறது?

சிரிக்காதீர்கள். கேசிங்கின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மேல் பகுதியில், யூஎஸ்பி வாய்களுக்குப் பக்கத்தில் ஒரு எச்டிஎம்ஐ வாய் இருக்கும். அது மதர்போர்டுக்குரியது. அதற்குக் கீழே, தனிப் பட்டியில் படுக்கையாக வரிசையில் இருப்பவை புதுக் கார்டுக்குரியவை. மொனிட்டர் வயர் கீழே உள்ளதில்தான் இருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்காவின் மகன் விண்டோஸை இரண்டு தரம் ஃபோர்மட் அடித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டான். கேசிங்கைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். பின்பக்கத்தைப் பார்க்காமல் கையால் தடவி, பழக்கமான பழைய இடத்திலேயே வயரைச் செருகியிருக்கிறான். நான் கேட்டபோது, "மாமா, படம் வருதுதானே?" என்றான். படம் வரும், அதனால்தான் இந்தப் பிழை பிடிபடுவதில்லை. பெரும்பாலான இன்டெல் சிபியுக்களுக்குள்ளும், பெயரின் முடிவில் ஜி எழுத்து உள்ள ரைசன்களுக்குள்ளும் ஒரு சிறிய கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. வயர் மதர்போர்டில் இருந்தால் அந்தச் சின்னப் பகுதிதான் படத்தைத் தருகிறது. சில வேளை விண்டோஸ் கேமைப் புதுக் கார்டில் ஓட்டி, படத்தை அந்தச் சின்னப் பகுதி வழியாகக் கொண்டுவரும். அப்போதும் கொஞ்சம் வேகம் போகும். உங்களது, 12400எஃப் போல முடிவில் எஃப் கொண்ட இன்டெல் சிபியு என்றால் இந்தக் குழப்பமே இல்லை, மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகத்தான் இருக்கும்.

வயரை மாற்றிய பிறகும் ஜிபியு பயன்பாடு பூச்சியமாகவே இருந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் அந்தக் கேமைத் தேர்ந்து 'ஹை பெர்போமன்ஸ்' என்று வையுங்கள்.

மொனிட்டரும் டீவியும்

144 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 144 தரம் படத்தைப் புதுப்பிக்கும்) மொனிட்டர் வைத்திருப்பவர்கள், கார்ட் மாறியதும் விண்டோஸ் அதைப் பேசாமல் 60க்கு இறக்கிவிட்டதா என்று பாருங்கள். டிஸ்ப்ளே செட்டிங்கில் 'அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே' என்ற இடத்தில் திருத்தலாம். 144 அங்கே தெரியாவிட்டால் பழைய எச்டிஎம்ஐ வயரை விட்டு டிஸ்ப்ளே போர்ட் வயரைப் போட்டுப் பாருங்கள். கேம் எப்போதும் சரியாக 60 பிரேமில் நின்று அதற்கு மேல் ஒன்றுகூட ஏறாவிட்டால், அது பெரும்பாலும் வி-சிங்க் (பிரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிவைக்கும் செட்டிங்) போட்ட கடிவாளம். கேம் செட்டிங்கில் அதை நிறுத்திப் பாருங்கள்.

வரவேற்பறை டீவியில் இணைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1080பி படத்தில் கிட்டத்தட்ட 20 லட்சம் புள்ளிகள். 4கே படத்தில் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு. பழைய மொனிட்டரில் பழைய கார்ட் தந்ததை, புது 4கே டீவியில் நடுத்தரக் கார்ட் தராது. கேமுக்குள் தெளிவை 1080பிக்கு இறக்கிவிட்டு ஒப்பிடுங்கள், அதுதான் நியாயம்.

டிரைவர்

டிவைஸ் மனேஜரைத் திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதன் கீழ் பாருங்கள். கார்டின் பெயருக்குப் பதிலாக 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் டிரைவரே ஏறவில்லை. பெயர் சரியாக இருந்தும் இழுக்கிறதென்றால், பழைய கார்டின் டிரைவர் மிச்சங்கள் காரணமாக இருக்கலாம். ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கோ மறுபக்கமாகவோ மாறியவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். அதைத் துடைக்க டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டோலர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எல்லோரும் டிடியு என்றே சொல்வார்கள்.

1. புது டிரைவரை கார்ட் சிப்பைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே முதலில் இறக்கி வையுங்கள். பெரிய கோப்பு. போன் டேட்டாவில் இறக்குகிறவர்கள் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிடியுவையும் இறக்கி வையுங்கள்.

2. உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று பாருங்கள். டிரைவரைத் துடைக்க விண்டோஸைச் சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலையில், தொடங்க வேண்டும்; அங்கே சில வேளை பின் இலக்கம் வேலை செய்யாது. டிஸ்க் குறியாக்கம் போட்டிருந்தால் அதைத் திறக்கும் நீண்ட இலக்கமான ரிக்கவரி கீயும் கேட்கும். அதை முன்கூட்டியே கடதாசியில் எழுதி வையுங்கள். இதை விட்டுவிட்டு நடு இரவில் தவித்தவன் நான்.

3. இணைய இணைப்பைத் துண்டியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் துடைத்த கையோடு விண்டோஸ் தன்னிடமுள்ள ஒரு டிரைவரைப் போட்டுவிடும்.

4. ஷிஃப்ட் பட்டனை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், மறுபடி தொடங்கியதும் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட்.

5. டிடியுவில் பழைய கார்டின் நிறுவனத்தைத் தேர்ந்து துடையுங்கள். சந்தேகமென்றால் இரண்டு நிறுவனங்களையும் ஒவ்வொன்றாகத் துடைக்கலாம். பிறகு வழமையாகத் தொடங்கி, புது டிரைவரை ஏற்றி, அதற்குப் பிறகு இணையத்தை இணையுங்கள்.

விண்டோஸையே ஃபோர்மட் அடிக்கும் ஆலோசனை எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். அது கடைசி வழி. முதல் நாளே அதைச் செய்யச் சொல்கிறவருக்குத் தேடிப் பார்க்கப் பொறுமையில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

புதுக் கார்ட், பழைய சிபியு

இதைத்தான் யாரும் கேட்க விரும்புவதில்லை. கொழும்பில் நிறையப் பேர் கேம் கொம்பியூட்டரைத் தொடங்கும் விதம் இதுதான்: ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட பிராண்டட் டவர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்குவார்கள், உள்ளே இன்டெல் ஐ5-2400 அல்லது 3470 இருக்கும். அதற்குள் ஆர்டிஎக்ஸ் 4060 போல ஒன்றைச் செருகுவார்கள். 2400 வந்தது 2011இல், 3470 வந்தது 2012இல். இரண்டிலும் நான்கு கோர், நான்கு திரெட்தான் (ஒரே நேரத்தில் நான்கு வேலைதான் ஓடும்). கேமில் ஒவ்வொரு பிரேமுக்கும் யார் எங்கே நிற்கிறார், எது எதில் மோதுகிறது என்ற கணக்கைச் சிபியு முடித்துக் கொடுத்த பிறகுதான் கார்ட் வரையத் தொடங்கும். சமையற்கட்டில் ஒருவர் மட்டும் கொத்து ரொட்டி போட, வெளியே பரிமாற ஆறு பேர் நின்றால் என்ன நடக்கும்? ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஜிபியு 50 வீதத்தில் நிற்பது அதுதான்.

சோதிப்பது சுலபம். கேமின் தெளிவை 720பிக்கும், படத்தரத்தை 'லோ'வுக்கும் இறக்குங்கள். பிரேம் எண்ணிக்கை பாய்ந்து ஏறினால் கார்ட்தான் எல்லை. ஏறாமல் அதே இடத்தில் நின்றால் சிபியு. சிபியு மொத்தப் பயன்பாடு 60 வீதம்தான் காட்டுகிறது என்று சொல்லி ஏமாறாதீர்கள். எட்டுக் கோரில் ஒன்று மட்டும் 100இல் நின்றாலும் கேம் அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கும். தனித்தனியாகப் பார்க்கச் சொன்னது அதற்குத்தான்.

சிபியுதான் என்றால் கார்டைத் திருப்பிக் கொடுத்துப் பயனில்லை, அடுத்த கார்டும் அப்படித்தான் நிற்கும். அதே மதர்போர்டில் ஏறக்கூடிய பெரிய சிபியு ஒன்று, உதாரணமாக எட்டுத் திரெட் கொண்ட ஐ7, செக்கண்ட் ஹேண்டில் கிடைத்தால் ஓரளவு மூச்சு வரும். இல்லாவிட்டால் காசு சேரும்வரை ஒரு சமாளிப்பு: படத்தரத்தைக் கூட்டுங்கள். ஆம், கூட்டுங்கள். கார்ட் சும்மா நிற்பதால் பிரேம் பெரிதாகக் குறையாது, படமாவது அழகாகும். கூட்டம், தூரக்காட்சி, நிழல் போன்ற சிபியுவுக்கு வேலை வைக்கும் செட்டிங்குகளை மட்டும் இறக்குங்கள்.

ரேமையும் இதோடு பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்போமன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். நான்கு இடத்தில் ஒன்று மட்டும் பாவனையில் என்று இருந்தால் ரேம் ஒற்றைப் பாதையில் ஓடுகிறது. ஒரு 16 ஜிபி துண்டைவிட இரண்டு 8 ஜிபி துண்டுகள் கேமுக்கு நல்லது. நான்கு இடமுள்ள போர்டுகளில் வழமையாகச் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். அதே பக்கத்தில் வேகமும் தெரியும். பெட்டியில் 3200 என்றிருக்க அங்கே 2133 அல்லது 2400 என்று இருந்தால், பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்க முதல் திறக்கும் மதர்போர்டின் செட்டிங் பக்கம்) போய், ரேமைப் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை இயக்குங்கள். வாங்கிய வேகத்தை ஒருநாளும் பாவிக்காமலே வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு.

படம் நன்றாக ஓடி ஓடி திடீரென்று நின்று நகர்ந்தால் கேம் எதில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தால் அதை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். கார்டின் சொந்த மெமரி நிரம்பினாலும் இதே மாதிரித்தான் தடக்கும். 4 ஜிபி கார்டில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) 'அல்ட்ரா'வில் வைக்கக்கூடாது.

இனி கேசிங்கைத் திறக்கலாம்

சுவிட்சை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, கொம்பியூட்டரின் பவர் பட்டனை ஒரு தரம் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேசிங்கின் வண்ணம் பூசாத இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். வழமையான நாட்களில் கேசிங்கைத் தொட்டால் கை சுரீரென்கிறதா? அப்படியென்றால் வீட்டின் ஏர்த் இணைப்பில் கோளாறு. கேம் இருக்கட்டும், முதலில் மின்சார வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள்.

கார்ட் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பல மதர்போர்டுகளில் கார்ட் செருகும் நீளமான பிசிஐஇ இடங்கள் இரண்டு இருக்கும், பார்க்க ஒரே மாதிரி. சிபியுவுக்குப் பக்கத்தில், மேலே உள்ளதுதான் தரவு போக 16 பாதை கொண்டது. கீழே உள்ளதில் பெரும்பாலும் 4 பாதைதான். பிசிஐஇ 3.0இல் 16 பாதை என்றால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபி போகும், 4 பாதையில் 4 ஜிபிதான். மேலே உள்ள இடத்தில் வயர் இடைஞ்சல் என்று கீழே போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேலேதான் இருக்கிறது என்றாலும், சரியாக அமர்ந்திருக்க வேண்டும். கழற்றி, தங்கநிறப் பற்களை ஐசோபுரொபைல் அல்கஹோல் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, காய்ந்ததும் 'டிக்' என்று கொளுவி பூட்டும்வரை அழுத்துங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலோர வீடுகளில் இருப்பவர்கள் இதை விடக்கூடாது. உப்புக் காற்று கேசிங்கின் ஆணியையே துருப்பிடிக்க வைக்கும்போது, செக்கண்ட் ஹேண்ட் கார்டின் பற்களைச் சும்மா விடுமா?

பாதை எத்தனை ஓடுகிறது என்று காட்ட ஜிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் 'பஸ் இன்டர்ஃபேஸ்' என்ற வரியைப் பாருங்கள். கார்ட் சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம்பிடிக்க 1.1 என்று இறங்கித் தெரியும், பயப்பட வேண்டாம். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓடவிட்டால் உண்மை இலக்கம் வரும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 ஆகியவை 8 பாதைக் கார்டுகள்தான், 8 என்று தெரிந்தால் அது சரி. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டுக்கு 4 பாதைதான். பிசிஐஇ 4.0 போர்டில் சமாளிக்கும், பழைய 3.0 போர்டில் நன்றாகவே அடிவாங்கும். பழைய கொம்பியூட்டருக்கு மலிவான கார்ட் என்று அதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரேயடியாக எட்டவிடும் 'ரிசைசபிள் பார்' பயோஸில் இயங்க வேண்டும், இல்லாவிட்டால் வேகம் பெரிதாக விழும். பழைய அலுவலக டவர்களில் அந்த வசதியே கிடையாது.

மின்சாரம்

பிசிஐஇ இடம் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 முள் இணைப்பு இன்னொரு 75, 8 முள் இணைப்பு 150. ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட், ஆர்எக்ஸ் 6600க்கு 132, ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170, பழைய ஆர்எக்ஸ் 580க்கு 185. இவற்றை உங்கள் பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளோடு ஒப்பிடுங்கள். அங்கே பெரிதாக எழுதிய '500' என்பதை நம்பாமல், 12 வோல்ட் வரியில் எத்தனை அம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். கேசிங்கோடு இலவசமாக வரும் சப்ளைகள் பலவற்றில் இந்தப் பெருக்கல் சோகமாக முடியும்.

மின்சாரம் போதாவிட்டால் கொம்பியூட்டர் பெரும்பாலும் கேம் நடுவில் அணைந்துவிடும் அல்லது திரை கறுக்கும். இணைப்புச் சரியாகச் செருகப்படாவிட்டால் சில கார்டுகள் மெதுவாக ஓடும், பல கார்டுகள் ஓடவே ஓடாது. அலுவலக டவர்களில் 240, 290 வாட் சப்ளைதான் இருக்கும், 8 முள் வயரும் இருக்காது. அதற்குக் கடைகளில், ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் தரும் சாட்டா வயரை 6 முள்ளாக்கும் ஒரு சின்ன அடாப்டர் தருவார்கள். வாங்காதீர்கள். சாட்டா இணைப்பின் 12 வோல்ட் பக்கம் 54 வாட்டுக்குத்தான் செய்யப்பட்டது. அதில் 75 வாட்டை இழுத்தால் பிளாஸ்டிக் உருகும்.

யூபிஎஸ் விஷயமும் இங்கே சேர்கிறது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலத்தில் நிறைய வீடுகளில் 650 விஏ யூபிஎஸ் வாங்கினார்கள். அது தாங்குவது ஏறக்குறைய 360, 390 வாட்தான். புதுக் கார்டோடு கேம் ஓடும்போது யூபிஎஸ் 'பீப் பீப்' என்று கத்தினாலோ, கரண்ட் போன நொடியில் கொம்பியூட்டரும் சேர்ந்து அணைந்தாலோ அது கார்டின் பிழையல்ல. சோதனைக்காக ஒரு தரம் நேரே சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள்.

சூடு

ஏசி இல்லாத கொழும்பு அறை மத்தியானத்தில் 31, 32 பாகையில் இருக்கும். குளிர்நாட்டு வீடியோவில் 62 பாகையில் ஓடும் கார்ட் இங்கே 72இல் ஓடினால் அது இயல்பு. கேம் ஓடும்போது 60க்கும் 80க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. 83க்குப் பக்கம் போகும்போது பல என்விடியா கார்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். அறிகுறி தெளிவானது: முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு இழுக்கும்.

கேசிங்கின் பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுங்கள். அப்போது பத்துப் பாகை குறைந்தால் கார்டில் குறையில்லை, காற்றோட்டம் போதவில்லை. முன்பக்கம் ஒரு ஃபேன், பின்பக்கம் ஒரு ஃபேன் போட்டால் பெரும்பாலும் தீரும். கதவைக் கழற்றியே வைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: காலி வீதித் தூசு ஒரு மாதத்தில் என்ன செய்யும் என்று ஃபேனைப் பார்த்தால் தெரியும். பல்லியும் உள்ளே போகும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஒரு தரம் நானே எடுத்துப் போட்டேன்.

கார்டே பொய்யாக இருந்தால்

இவ்வளவும் சரியாக இருந்தும் ஜிபியு 100 வீதத்தில் நிற்க, பிரேம் மட்டும் பாதியென்றால் இப்போது கார்டைச் சந்தேகிக்கலாம். செக்கண்ட் ஹேண்ட் என்றாலோ, யாரும் கேள்விப்படாத பெயரில் வந்த கார்ட் என்றாலோ கட்டாயம் பாருங்கள்.

பழைய சிப் கொண்ட கார்ட் ஒன்றின் சொந்தப் பயோஸை (கார்டுக்குள்ளேயே இருக்கும் நிரல்) மாற்றியெழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்ற கார்டுகள் உலகம் முழுக்க வந்தன. விண்டோஸ் அந்தப் பெயரையே காட்டும், ஆனால் உள்ளே 2010, 2011 காலத்துச் சிப். ஜிபியு-இசட் 2018இலிருந்து இப்படியான என்விடியா போலிகளைக் கண்டால் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டுவிடும். ஆர்எக்ஸ் 580 வாங்கியவர்கள் அதிலேயே ஷேடர் எண்ணிக்கையை, அதாவது சிப்புக்குள் உள்ள கணக்குப் பகுதிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 2304 என்றால் முழுக் கார்ட். 2048 என்றால் அதே பெயரில் விற்கப்பட்ட குறைந்த வடிவம். அது போலியில்லை, ஆனால் முழுக் கார்டின் விலை கொடுத்திருந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் 2022 செப்டெம்பரில் மைனிங்கை (கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் முறை) நிறுத்தியதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. மைனிங் கார்ட் என்றாலே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். பல நன்றாக ஓடுகின்றன. ஆனால் சிலவற்றில் மைனிங்குக்காக மாற்றிய பயோஸ் அப்படியே இருக்கும், சிப்பின் வேகம் குறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஜிபியு-இசட்டில் தெரியும் வேகத்தை அந்த மொடலின் உண்மை வேகத்தோடு ஒப்பிடுங்கள். ஃபேன் தளர்ந்திருக்கும், வெப்பப் பசை காய்ந்திருக்கும். பசை மாற்றுவது சின்னச் செலவு, ஆனால் வொரண்டி ஸ்டிக்கர் இருந்தால் கிழிக்க முதல் விற்றவரைக் கேளுங்கள்.

இன்னொன்று, மிகப் பழைய கார்ட் என்றால் டிரைவரே வராது. ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசைகளில் பெரும்பாலானவற்றுக்கு என்விடியா 2021இல் புதிய கேம் டிரைவர்களை நிறுத்திவிட்டது. அப்படியான கார்டில் புதுக் கேம் தடுமாறினால் திருத்த வழியில்லை.

கடைக்குப் போகும்போது

கொப்பியில் எழுதிய இலக்கங்கள் இப்போதுதான் பயன்படும். "ஸ்லோவா இருக்கு அண்ணா" என்று போனால் "டிரைவர் போடுங்க தம்பி" என்று அனுப்பிவிடுவார்கள். "இந்தக் கேமில் ஜிபியு 99 வீதம், 68 பாகை, வேகம் இவ்வளவுக்கு மேல் ஏறவில்லை, வேறொரு கொம்பியூட்டரிலும் இதேதான்" என்று போன் வீடியோவோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அந்த 'வேறொரு கொம்பியூட்டர்' முக்கியம். நண்பன் வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுப் பார்ப்பது எல்லாச் சோதனைகளையும்விட உறுதியானது. அங்கே நன்றாக ஓடினால் கடைக்குப் போகத் தேவையில்லை, மேலே போய்ச் சிபியு பகுதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பில்லில் கார்டின் தொடர் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், பெட்டியையும் எறியாதீர்கள். பேசித் தீராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977க்கு அழைக்கலாம். பில் இல்லாமல் அழைத்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே பில்லைப் பற்றித்தான் இருக்கும்.